பருவ இறுதிக் கடிதம்: சில நல்ல செய்திகள், ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்த நாளில் நடந்தன, ஆண்டு விழா அன்று மழை வரவில்லை, கோ-கோ அணியும் அறிவியல் கண்காட்சிக் குழுவும் பரிசோடு திரும்பின. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

சரி, துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு வருகிறேன்.

துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலம் வாங்கியதிலிருந்து, சுட வரும் பிள்ளைகளைவிடப் பின்னால் நின்று பார்க்கும் பெற்றோர் கூட்டம்தான் நம் கூடத்தில் அதிகம். பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் "மூச்சை அடக்கு", "கையை இறக்காதே" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தால், பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பதா அப்பா சொல்வதைக் கேட்பதா என்று பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள், அதுவும் கையில் ஏர் பிஸ்டலோடு. இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதைப் பார்ப்பாளா, உங்கள் செல்போனைப் பார்ப்பாளா?

"இன்னும் மாநிலப் போட்டிக்கு அனுப்பவில்லையே" என்று கேட்பவர்களுக்கும் மனுவின் கதையைத்தான் சொல்வேன். 2018இல், 16 வயதில், உலகக் கோப்பையில் 2 தங்கம், அதே ஆண்டு காமன்வெல்த் தங்கம், இளையோர் ஒலிம்பிக் தங்கம். அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக். 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டிய தகுதிச்சுற்றில் பிஸ்டல் பழுதாகி, கால் மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விட்டது. 575 புள்ளி, 12ஆம் இடம். டோக்கியோவுக்கு முன்பே பிரிந்திருந்த பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவிடம் 2023இல் திரும்பிப் போனார். இத்தனைக்கும் பிறகுதான் பாரிஸில் 221.7 புள்ளி எடுத்து வெண்கலம், அதிலும் 0.1 புள்ளியில் வெள்ளிக்கான வாய்ப்பு கைநழுவியது. அதனால் அவசரம் வேண்டாம். அன்று ராணாவே பார்வையாளர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். உங்களையும் அங்கேதான் உட்காரச் சொல்கிறோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவர் மகனைப் படமெடுக்கச் சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போய்விட்டார். பயிற்சியாளர் உடனே நிறுத்தச் சொன்னதால் எல்லாப் பிள்ளைகளும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். இனி யார் கோட்டைத் தாண்டினாலும், அவர் யாராக இருந்தாலும், அன்றைய பயிற்சி அத்தோடு ரத்து. இதில் பேச்சுக்கே இடமில்லை.

மற்றபடி, சனிக்கிழமை விடிவதற்குள் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவரும் உங்கள் பொறுமைக்கும், புது நாற்காலிகள் வாங்கித் தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நாற்காலிகள் உங்களுக்காகத்தான் பின்வரிசையில் போட்டிருக்கின்றன. செல்போனை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்