கையைப் பார்க்காதே, பிடரியைத் தொட்டுப் பார்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்று வீடியோவில் சின்னவனைப் பார்த்துவிட்டு, "விரலெல்லாம் சில்லிட்டுச் சிவந்து கிடக்கே, இன்னொரு சட்டை போடக்கூடாதா?" என்று கேட்டாயே, அது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் பேசினால் பாதியில் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கைக்குழந்தைக்குக் கையும் காலும் சில்லென்று இருப்பது சகஜம்தான் அம்மா. சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பிடரியைத் தொட வேண்டும். அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். வேர்த்திருந்தால் ஒரு சட்டை அதிகம் என்று அர்த்தம்; அந்த வேர்வையே கொஞ்ச நேரத்தில் குழந்தையைக் குளிர வைத்துவிடும். வெளியே போகும்போது நான் போட்டிருப்பதைவிட ஒன்று கூடுதலாக அவனுக்குப் போடுகிறேன். உள்ளே வந்ததும், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஜாக்கெட்டையும் குல்லாவையும் கழற்றிவிடுவேன். தூக்கத்தில் குழந்தைக்குச் சூடு ஏறுவது குளிரைவிடப் பயம்.

வந்த புதிதில், எது கனமோ அதுதான் சூடு என்று நினைத்து, இருப்பதிலேயே தடியான ஜாக்கெட்டைப் பெரியவளுக்கு வாங்கினேன். அதைப் போட்டால் அவளால் முழங்கையை மடக்கக்கூட முடியவில்லை. உண்மையில் குளிரைத் தடுப்பது துணிகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான். இப்போது உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணி, மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று மூன்றாகப் போடுகிறேன். உடம்பை ஒட்டிப் பருத்தி மட்டும் வேண்டாம், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இறகு அடைத்த ஜாக்கெட் எடை குறைவு, நல்ல சூடு. ஆனால் நனைந்தால் இறகெல்லாம் கட்டிதட்டிப் போகும். பனியில் உருள்கிற பிள்ளைக்குச் செயற்கைப் பஞ்சுதான் சரி. மெஷினில் போட்டால் சீக்கிரம் காய்ந்தும்விடும்.

கார் விஷயத்தை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள் பெரியவளை அந்தத் தடி ஜாக்கெட்டோடு கார் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை நன்றாக இறுக்கினேன். அப்புறம், இறுக்கிய அளவை மாற்றாமல் அவிழ்த்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தேன். தோள்பக்கம் பெல்ட்டை இரண்டு விரலால் மடித்துக் கிள்ள முடிந்தது. மோதினால் பஞ்சு அமுங்கி, அவ்வளவு இடமும் தளர்ந்துவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து காரில் மெல்லிய ஃப்ளீஸ் மட்டும்தான். பெல்ட் போட்டபின், ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பிக் கைகளில் மாட்டிவிடுகிறேன். சின்னவனுக்கு பெல்ட்டுக்கு மேலே ஒரு போர்வை.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ பின்னி அனுப்பிய குல்லா வைத்த ஸ்வெட்டரின் கழுத்துக் கயிற்றை உருவி எடுத்துவிட்டேன். சறுக்கு மரத்திலோ பஸ் கதவிலோ அப்படிப்பட்ட கயிறு மாட்டி, கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 7 வயதுக்குக் கீழே குல்லாவிலும் கழுத்திலும் இழுகயிறே கூடாது என்கிறது ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரவிதி. அமெரிக்காவிலும் 1996லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. நீ கயிற்று நுனியில் கட்டியிருந்த இரண்டு மஞ்சள் குஞ்சங்களும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

பெரியவள் இப்போது தானே போட்டுக்கொள்கிறாள். ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, குல்லா தன் கால்பக்கம் வரும்படி நிற்பாள். குனிந்து இரண்டு கைகளையும் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டுவிடுவாள். ஜிப்பை மட்டும் நான் ஏற்ற வேண்டும். தாடைக்கிட்டே ஜிப் நுனியைத் துணி மூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒருமுறை தோலைக் கடித்து, பாவம், துடித்துப்போனாள்.

அடுத்து சின்னவனுக்குப் பின்னும்போது கயிற்றுக்குப் பதில் பெரிய பொத்தானாக வை. மார்பளவு இப்போது 46 சென்டிமீட்டர். உள்ளே ஒரு சட்டை போக இடம் விடு. கை மட்டும் நீளமாக இருக்கட்டும், மடித்துவிட்டால் அடுத்த குளிருக்கும் ஆகும். மஞ்சள் நூல் மிச்சமிருந்தால் அதிலேயே பின்னு. பனியில் அவன் எங்கே இருக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

உன் அன்பு மகள்