பெகுவில் பையன்கள் வாங்கிக் கொடுத்த ஆடுகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் பேத்தியின் கல்யாணப் படங்களும் வந்து சேர்ந்தன. பொண்ணு அப்படியே உன் அம்மா ஜாடை, என் வீட்டுக்காரி பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் சுகம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இங்கே பர்மாவில் மாண்டலே, சகாய்ங் பக்கம் பட்ட பாட்டை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டில் சமையல்கட்டுச் சுவர் விரிந்ததோடு போயிற்று, அதையும் பூசியாகிவிட்டது. பேரன் என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தாய் அல்லவா, கடிதம் நீளப் போவது அவனால்தான்.

அவனும் அவன் கூட்டாளிகளும் ஆர்சனல் என்கிற இங்கிலாந்துக் கால்பந்து டீமின் ரசிகர்கள். நம் வயதில் நாம் பர்மா டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம், 1966-லும் 1970-லும் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய டீம் அது, கத்துவதற்கு நியாயம் இருந்தது. இப்போதைய பையன்களுக்கு இங்கிலாந்து லீக்தான் எல்லாம். சனி ஞாயிறு ராத்திரி சாயாக் கடையில் டிவி முன்னால் நாற்காலி கிடைக்காது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டாவது பார்க்கிறார்கள். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, பந்தயம் கட்டுவதும் கூடவே இருக்கிறது. மாசச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் தோற்றுவிட்டு மோட்டார் சைக்கிளை அடகு வைத்த பையனை எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் பெண்டாட்டி காதில் கிடந்ததும் போயிற்று. பந்து விளையாட்டைப் பற்றி நான் எரிச்சலாகப் பேசியதெல்லாம் இதனால்தான், விளையாட்டின் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் கிடையாது.

2023 அக்டோபரில் பெகு ஆறு ஊருக்குள் வந்ததே, அப்போது கிராமத்துப் பக்கம் நம் ஆட்கள், பர்மாக்காரர்கள், கரேன்காரர்கள் என்று பார்க்காமல் எல்லார் வீட்டு ஆடு மாடும் போயிற்று. அரிசியும் துணியும் கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள், அவர்களுக்குப் புண்ணியம். ஆனால் அரிசி ஒரு மாசத்தில் தீர்ந்துபோகும். அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்தாலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ, விற்று எடுக்கத் தொழுவத்தில் ஒன்றும் இருக்காது. இல்லாதப்பட்டவர்களுக்கு ஆடுதானே பேங்க். அது போனால் மிச்சம் வட்டிக்காரன் வாசல்தான்.

இந்தப் பையன்களில் ஒருவன் மலேசியாவில் வேலை செய்கிறான். இங்கிருந்து போன இளவட்டங்கள் அங்கேயும் தாய்லாந்திலும் எத்தனை பேர் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், ஊரில் பாதி வீடு வயசாளிகள் மட்டும் இருக்கிற வீடு. அவன்தான் போனில் சிக்காகோ கதையைச் சொன்னான். அங்கே கப்ஸ் என்று ஒரு பேஸ்பால் டீம். 1945 உலகக் கோப்பைத் தொடரில் மதுக்கடைக்காரர் ஒருவர் தன் ஆட்டையும் கூட்டிக்கொண்டு மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார், ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கித்தான். ஆடு நாறுகிறது என்று அவர்களை வெளியே அனுப்ப, அந்த மனுஷன் சாபம் விட்டுவிட்டார் என்று கதை. 1908-க்கு அப்புறம் கோப்பையே பார்க்காத டீம் அது, அந்த வருஷமும் தோற்று, 2016-ல்தான் ஜெயித்தார்கள். 108 வருஷம் மாப்பிள்ளை! இதற்கு நடுவில், 2011-ல், ஆட்டை அவமானப்படுத்தியதற்குப் பரிகாரம் ஆட்டாலேயே ஆகட்டும் என்று ஏழை நாடுகளில் குடும்பங்களுக்கு ஆடு வாங்கிக் கொடுக்கும் முயற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. சாபம் உண்டோ இல்லையோ, அந்தப் பரிகாரம் எனக்குப் பிடித்தது. நம் ஊரில் முனீஸ்வரனுக்கு ஆடு நேர்ந்து விடுவதுபோல இது ஒரு நேர்த்திக்கடன்தானே.

பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தயக் காசு இனி புக்கியிடம் போகாது, பெட்டியில் விழும் என்று முடிவு. ஆர்சனல் ஒரு கோல் போட்டால் ஆளுக்கு இவ்வளவு, தோற்றால் இரண்டு மடங்கு. எதிர் மேசை மான்செஸ்டர் யுனைடெட் பையன்களும் ரோஷம் வந்து இன்னொரு பெட்டி வைத்தார்கள். மலேசியாவிலிருந்தும் பணம் வந்தது. பெட்டிச் சாவி சாயாக் கடைக்காரம்மாவிடம், கணக்குப் புத்தகம் என்னிடம்.

ஆடு வாங்க என்னையும் கூட்டிப் போனார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள், அது வாங்குகிறவனுக்கு. கொடுக்கிறவன் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பல் போட்ட பெட்டையா, மடி சீராக இருக்கிறதா, கண் இமையைப் புரட்டினால் உள்ளே சிவப்பு இருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துத்தான் எடுத்தேன். இமை வெளுத்த ஆட்டின் வயிற்றில் புழு இருக்கும், நம்பி வாங்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெட்டை, ஒரு தெருவுக்குப் பொதுவில் ஒரு கிடா. அந்தக் கிடாவையும் காலாகாலத்தில் வேறு தெருக் கிடாவோடு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் குட்டியோடு தானே சேர்ந்து வம்சம் மெலிந்துபோகும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் பையன்களுக்குள் சண்டையே வந்தது. நம் ஆட்களுக்கு முதலில் என்று சிலர். பேரன் ஒத்துக்கொள்ளவில்லை, வெள்ளம் தெருப் பார்த்தா வந்தது என்று கேட்டான், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆடு பெண்கள் கையில்தான் போக வேண்டும் என்பதை மட்டும் நான் வற்புறுத்தினேன். பர்மாக்காரக் குடும்பங்களில் சிலர் கறிக்கடைக்கு விற்க மனசு வரவில்லை என்று சொன்னார்கள். வெட்டப் போகிற மாட்டை விலை கொடுத்து மீட்டுக் காப்பாற்றுவதைப் புண்ணியமாக நினைக்கிறவர்கள் அவர்கள், அந்த மனசை மதிக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பணம் சேர்ந்ததும் கறவை மாடு என்று தீர்மானம். கொஞ்சம் தாமதமாகும், ஆனாலும் செய்வார்கள்.

கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறோம்: முதலில் ஈனுகிற பெட்டைக் குட்டி, தாய்ப்பால் மறந்ததும், அடுத்த குடும்பத்துக்கு. உங்கள் பக்கம் வாரத்துக்கு ஆடு விடுவார்களே, குட்டியில் பங்கு ஆட்டுக்காரனுக்குத் திரும்பும். இங்கே குட்டி முன்னால் போகிறது. இது பையன்களின் கண்டுபிடிப்பு இல்லை. டான் வெஸ்ட் என்று அமெரிக்காவில் இண்டியானா பக்கம் ஒரு விவசாயி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குழந்தைகளுக்குப் பால் அளந்து ஊற்றுகிற வேலையில் இருந்தவர், இன்றைக்குக் குடித்த பால் இன்றைக்கே தீர்ந்துபோகிறது, இவர்களுக்கு வேண்டியது மாடு என்று நினைத்தவர். 1944-ல் அவர் முயற்சியில் முதல் கிடேரிகள் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறின. வாங்கியவன் முதல் பெண் கன்றை இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ருவாண்டாவில் அரசாங்கமே 2006-லிருந்து ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடு என்று ஒரு திட்டம் நடத்துகிறது, பெயர் கிரிங்கா, அதிலும் முதல் பெண் கன்று பக்கத்து வீட்டுக்கு. பேரனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேள். 2018-லிருந்து ஆர்சனல் சட்டைக் கையில் ருவாண்டா என்று விளம்பரம் இருந்தது, அது என்ன நாடு என்று தேடப் போய்க் கண்டுபிடித்தானாம்.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? புருஷனை இழந்த ஒரு கரேன் அம்மா, முதல் ஈத்தில் இரட்டைக் குட்டி, இரண்டும் பெட்டை. ஒன்றைக் கழுவித் துடைத்துக் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, தன் கையாலேயே அடுத்த தெருக்காரியிடம் கொடுத்தார். வெள்ளத்துக்கு அப்புறம் வரிசையில் நின்று வாங்கியே பழகிப்போன மனுஷி, அன்றைக்குக் கொடுக்கிற இடத்தில் நின்றார். கொடுத்துவிட்டு எங்களை உட்கார வைத்து டீ ஊற்றினார். அந்த நிமிர்வை எந்த அரிசி மூட்டையும் கொடுக்காது மாப்பிள்ளை.

ஆனால் ஆட்டைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கூட்டமாக இது ஆகிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2015-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு என்று ஆறு நாடுகளில் சுமார் 10,000 குடும்பங்களைப் பார்த்திருக்கிறார்கள். வங்காள தேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கிய முறை அது: கால்நடை மாதிரி ஒரு சொத்து, கூடவே கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவு, வளர்க்கப் பயிற்சி, சேமிப்புப் பழக்கம், அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்க ஓர் ஆள். இவ்வளவும் சேர்ந்த இடத்தில், திட்டம் முடிந்து ஒரு வருஷம் கழித்தும் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகவே சாப்பிட்டன. ஹோண்டுராஸில் மட்டும் கொடுத்த கோழிகள் நிறைய நோயில் செத்துப் பலன் குறைந்துவிட்டது. பையன்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி, மழைக்கு முன்னாலும் பின்னாலும் புழு மருந்து, தரையில் ஈரம் படாமல் மூங்கில் பரண், பிறந்த குட்டிக்குச் சுணங்காமல் சீம்பால். இதற்கெல்லாம் பெட்டியில் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறோம்.

வாராவாரம் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே என்று நீ கேட்பாய். அதற்கு ரசிகனைவிடப் பொருத்தமான ஆள் யார் சொல்லு. 2004-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் கோப்பை வாங்கிய டீம், அதற்கு அப்புறம் 20 வருஷத்துக்கு மேல் அந்தக் கோப்பை கையில் வராமல் காத்துக்கிடந்தது. இந்தப் பையன்களில் பாதிப் பேர் 2004-ல் பிறக்கவேயில்லை, ஆனாலும் விவரம் தெரிந்த நாளிலிருந்து, தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். தோற்கிற டீமை விட்டுப் போகாத புத்தி இருக்கிறதே, நோய் வந்த ஆட்டை, ஈனாத ஆட்டை, சோர்ந்துபோன ஒரு குடும்பத்தை விட்டுப் போகாமல் இருக்கவும் அதே புத்திதான் வேண்டும். பெரிய பெரிய தர்மகாரியக்காரர்கள் ஒரு தடவை வந்து போவார்கள். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ராத்திரி முழுக்க மேட்ச் பார்த்த கண்ணோடு, சைக்கிளில் தழையைக் கட்டிக்கொண்டு போய் நிற்கிறார்கள். பந்தயம் முழுசாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் சில பேர் கட்டுகிறார்கள். குறைந்திருக்கிறது, அந்த வீடுகளில் பெண்டாட்டிமாரே வந்து சொன்னார்கள்.

உன்னால் எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். உங்கள் தமிழ்நாட்டில் 2011-ல் அரசாங்கம் வீட்டுக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுத்தார்களே, உன் தெருவில் வாங்கியவர்களைக் கேட்டுப் பார். எத்தனை பேரிடம் இன்னும் அந்த வம்சம் இருக்கிறது, விற்றவர்கள் எதற்காக விற்றார்கள், செத்தது எதனால் என்று கேட்டு எழுது, அது எங்களுக்குப் பெரிய பாடம். அப்புறம் உன் மருமகன் கால்நடை டாக்டர்தானே, மழைக்காலத்தில் குட்டிகளுக்கு வருகிற கழிச்சலுக்கு என்ன செய்யலாம், இங்கே கிடைக்கிற மருந்தில் எதைக் கேட்டு வாங்கலாம் என்று கேட்டு போனில் பேசி அனுப்பச் சொல். பையன்களுக்குத் தமிழ் படிக்கக் கொஞ்சம் கஷ்டம், காதால் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. புதுத் தம்பதிக்கு எங்கள் ஆசீர்வாதம். பதிலைத் தள்ளிப் போடாதே, மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

உன் மச்சான்,
பெகு