ஒற்றை மரமும் நான்கு பறவைகளும்

கியூர்பிப், மொரீசியஸ்

அன்புள்ள நண்பர் சுப்பையா அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தணிந்து மீண்டும் காலை நடைக்குப் போகிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே வழக்கம்போல் மழைதான்.

ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டு எழுதப் பேத்திக்கு எங்கள் தீவிலிருந்து ஏதேனும் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். எல்லாரும் டோடோவைத்தான் எழுதுவார்கள். அதை விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் வேலிக்குள் நிற்கும் ஹையோபோர்பி அமாரிகாலிஸ் என்ற மரத்தையும், மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறையும் எடுத்துக்கொள்ளட்டும்.

மரம் நம்மூர்ப் பனையும் தென்னையும் அடங்கிய அரிக்கேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஹையோபோர்பி என்றால் கிரேக்கத்தில் பன்றித் தீனி என்று பொருளாம். பெயர் வைத்தவருக்கு இரக்கமே இல்லை! கெஸ்ட்ரலோ பால்கோ பேரினம். பருந்தின் உறவு என்று நாம் எண்ணுகிறோம், ஆனால் மரபணு ஆய்வுகள் அதன் வரிசையைக் கிளிகளுக்கு அருகில் வைக்கின்றன. அது காட்டுப் பறவை. குட்டையான சிறகுகளால் மரங்களுக்கிடையே வளைந்து பறந்து பச்சைப் பல்லிகளைப் பிடிக்கும். எங்கள் பெரியவர்கள் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் அதைக் கோழி தின்னி என்று சொல்லிச் சுட்டார்கள். மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் சேர்ந்துகொள்ள, 1974இல் நான்கே பறவைகள் எஞ்சின.

நான்கிற்கும் ஒன்றிற்கும் இடையில் இருப்பது வெறும் மூன்று அல்ல என்பதை இந்தப் பறவையால்தான் உணர்ந்தேன். நான்கில் முட்டையிடும் பெட்டை ஒன்று இருந்தது. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாக்கும் கருவியில் வைத்தால் பெட்டை மறுபடியும் இடும். உயிரினப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் இந்த வழியில் அவற்றைச் சில நூறாகப் பெருக்கினார்கள். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் 1994இல் அதன் நிலை மேம்பட்டது. 2014இல் மறுபடியும் அருகிய இனமாக இறங்கியது.

மரத்திற்கு அந்த வழியும் இல்லை. உலகில் அந்த இனத்தில் அறியப்பட்டிருப்பது இது ஒன்றே. ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் வந்தாலும், ஆண் பூக்கள் உதிர்ந்த பின்னரே பெண் பூக்கள் விரிகின்றன; அதனால் மகரந்தம் சேர்வது அரிது. ஆய்வுக்கூடத்தில் விதையின் கருவிலிருந்து வளர்த்த கன்றுகளும் வெளியே நட்டதும் பிழைக்கவில்லை. அதன் தாயாதியான போத்தல் பனையோ ஊரெங்கும் தோட்டங்களில் அழகுக்காக நிற்கிறது.

ஞாயிறன்று போய்ப் பார்த்தேன். வேலிக்குள் ஆண் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பெண் பூக்கள் இன்னும் விரியவில்லை.

அன்புடன்,
வேலாயுதன்