191க்குப் பதில் 193

அன்புள்ள முரளி,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார். அங்கே குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். சதுரங்கக் கணினி நிரலில், எந்த நகர்வுகள் விதிப்படி செல்லும் என்று பார்க்கும் பகுதியை மறுபடி எழுதுகிறேன். ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. விடுதி மொட்டைமாடியில் நீ விடாமல் சொல்வாயே, "காயை நகர்த்திப் பார், ராஜா செக்கில் இருந்தால் திரும்ப எடுத்துவிடு" என்று? சரியான வழிதான். ஆனால் கோடிக்கணக்கான நகர்வுகளுக்கும் அதையே செய்தால் நேரம் முழுக்க அதிலேயே போகிறது.

அதனால் வேறு வழி பிடித்தேன். ராஜாவின் கட்டத்திலிருந்து எட்டுத் திசையும் ஒரே ஒருமுறை பார்க்கிறேன். அவருக்கும் எதிரியின் யானை, மந்திரி, ராணிக்கும் நடுவே தனியாக மாட்டி நிற்கும் நம் காய்களைக் குறித்துக்கொள்கிறேன். செக் இல்லாதபோது மற்ற காய்களுக்குச் சோதனையே வேண்டாம். மாட்டிய காய் அதே கோட்டில் நகர்ந்தால் போதும். இரட்டைச் செக், அதாவது இரண்டு காய்கள் ஒருசேரச் செக் வைத்தால், ராஜா மட்டுமே நகரலாம். ராஜா நகரும்போது மட்டும் அவரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் யானையின் செக்கிலிருந்து அதே வரிசையில் அவர் பின்வாங்குவதை நிரல் ஒப்புக்கொள்கிறது. அவர் உடம்பே அவருக்கு மறைப்பாகிவிடுகிறது.

வேகம் பறந்தது. தொடக்க நிலையிலிருந்து ஒன்று முதல் நான்கு நகர்வு ஆழம்வரை ஆடக்கூடிய வழிகளை எண்ணிப் பார்த்தேன்; 20, 400, 8902, 197281 என்று எல்லா எண்ணிக்கையும் பொருந்தின. அந்த நான்கு ஆழத்துக்குள் 'என் பாசான்' (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்ததுபோல் எதிரிச் சிப்பாய் போகிற போக்கில் வெட்டுவது) வரவே வராது என்பதை நான் யோசிக்கவில்லை. எல்லோரும் சோதனைக்கு எடுக்கும் அந்த யானை-சிப்பாய் நிலையில் இரண்டாவது ஆழத்திலேயே 191க்குப் பதில் 193 வந்தது!

இரண்டு நாள் தேடினேன். கறுப்பு ராஜா எச்4இல், அவர் சிப்பாய் எஃப்4இல், வெள்ளை யானை பி4இல். வெள்ளை இ2 சிப்பாயை இ4க்குத் தள்ளுகிறது. கறுப்பு அதைப் போகிற போக்கில் வெட்டினால் ஒரே வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்களும் ஒருசேர மறைகின்றன. யானை நேராக ராஜாவைப் பார்க்கிறது. நடுவே இரண்டு காய்கள் நின்றதால் எதுவும் மாட்டிய காயாக என் பட்டியலில் ஏறவில்லை. ஜி2 சிப்பாயை ஜி4க்குத் தள்ளினாலும் இதே கதை. அந்த இரண்டுதான் மிகுதி.

முரளி, கடைசியில் உன் வழிக்குத்தான் வந்தேன். என் பாசானுக்கு மட்டும் நகர்த்திப் பார்த்து, ராஜாவின் கட்டத்திலிருந்து சோதித்து, திரும்ப எடுக்கிறேன். அரிதாக வரும் நகர்வு, வேகம் குறையவில்லை. இப்போது 14, 191, 2812, 43238 என்று சரியாக வருகிறது. அந்த எண்களைப் பார்த்ததும் முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

உன் நீல நோட்டு இன்னும் இருக்கிறதா? கோட்டை கட்டுவது (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) பற்றிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ராணிப் பக்கம் கட்டும்போது யானை கடக்கும் பி1 தாக்கப்பட்டாலும் தடையில்லை என்று நீ அடிக்கோடிட்டிருந்தாய். அதை நான் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
ரகு