எங்கள் தறியை ஓட வைத்த ஊர் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

பவானி நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் பெருமதிப்பிற்குரிய மக்களுக்கு எங்கள் குடும்பத்தின் பணிவான வணக்கம்.

கடந்த ஓராண்டாக, ஜமக்காளம் நெய்யும் எங்கள் வீட்டுக் குழித்தறி ஒரு வாரம்கூட ஓய்ந்து கிடக்கவில்லை. அதற்கு நீங்களே காரணம் என்பதால், வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை இம்மடல் வழியே தெரிவித்துக்கொள்கிறோம்.

பந்திக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஜமக்காளம் விரித்த காலம் போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்தபோதே எங்கள் தொழில் தளரத் தொடங்கியது. 2020 ஊரடங்கில் திருமணங்களும் திருவிழாக்களும் நின்றதும் தறியே நின்றது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும், இணைய விற்பனைத் தளம் ஒன்றில் விசைத்தறி விரிப்பு எங்கள் ஊர்ப் பெயரோடு, எங்கள் விலையில் பாதிக்கு விற்கப்பட்டதைக் கண்டு நாங்கள் மனமுடைந்த நாள்கள் பல.

அந்த நாள்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகள் திருமணத்துக்கு விரிப்பு வாங்க எங்கள் வீட்டுக்கே வந்தார். விலை கேட்பதற்கு முன், நெய்வதைப் பார்க்க வேண்டும் என்றார். அகலமான ஜமக்காளத்தை ஒருவராக நெய்ய முடியாது. குழிக்குள் கால் விட்டு இருவர் அருகருகே அமர்ந்து, ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடாவை ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். நானும் என் மனைவியும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி ஒரு சாண் நெய்து முடிக்கும் வரை அந்த அம்மையார் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு பேரம் பேசாமல் நான்கு விரிப்புகளுக்கு முன்பணம் கொடுத்தார். உறவினர்களிடம் அவர் சொன்ன சொல்லால் வந்தவர்களே அடுத்த இரண்டு மாதங்களுக்கு எங்களுக்கு வேலை கொடுத்தார்கள்.

அந்த முன்பணம் எங்கே போயிற்று என்பதை அவர் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். சாயப்பட்டறைக்காரருக்கு இருந்த பழைய பாக்கி அன்று மாலையே தீர்ந்தது. நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றித் தரும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூலி போயிற்று. மூன்று மாதம் முகம் சுளிக்காமல் கணக்கு நோட்டில் எழுதிவந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கு ஒரு பங்கு போயிற்று. அந்த அண்ணாச்சியே பின்னர் தம் வீட்டு விசேஷத்துக்கு எங்களிடம் இரண்டு விரிப்புகள் சொல்லி வைத்தார். அந்த அம்மையார் இணையத்தில் பாதி விலைக்கு விசைத்தறி விரிப்பை வாங்கியிருந்தால் அந்தப் பணம் ஒரு நாள்கூட இந்த ஊரில் தங்கியிருக்காது.

வெளியூர்ச் சரக்கே கூடாது என்பது எங்கள் எண்ணமில்லை. எங்களுக்கு நூல் வெளியூர் ஆலையிலிருந்துதான் வருகிறது. பவானி விரிப்புகளும் கடல் கடந்து விற்கப்படுகின்றன. ஆனால் வெளிநாட்டு வியாபாரி ஆர்டரை நிறுத்திவிட்டால் எங்களுக்குக் கேட்க நாதியில்லை. உள்ளூர்க்காரர் கரை சரியில்லை என்றால் மறுநாளே வந்து சொல்வார், நாங்களும் திருத்திக் கொடுப்போம்.

மணமக்களுக்குப் பரிசாக ஜமக்காளம் கொடுக்கலாம் என்று வருபவர்களிடமெல்லாம் எடுத்துச் சொன்ன மண்டப உரிமையாளருக்கும், பிள்ளைகள் தரையில் அமர எங்களிடமே விரிப்பு வாங்கிய தலைமையாசிரியருக்கும், எது கைத்தறி, எது விசைத்தறி என்று எங்களைக் கேட்டறிந்து பிறருக்கும் விளக்கிய கல்லூரி மாணவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

தை மாத முகூர்த்தங்களுக்கான பாவு நூல் நேற்று தறியில் ஏற்றியாகிவிட்டது. காலை வேளையில் வந்தால் தறி ஓடுவதைப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
ஜமக்காள நெசவாளர் குடும்பம் ஒன்று,
பவானி