அது அம்மா இல்லீங்க, அப்பா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. தருமபுரி பென்னாகரம் ரோட்டுல சின்னதா ஒரு கலர் மீன் கடை வச்சிருக்கேன். போன ஞாயித்துக்கெழமை சிறுவர் பக்கத்துல வயிறு உப்பின கடல் குதிரை படம் போட்டு கீழ 'குட்டிகளைச் சுமக்கும் தாய்'னு எழுதியிருந்தீங்க. ஆறாவது படிக்கிற எம் பொண்ணு அதை வெட்டி தொட்டி மேல ஒட்டிட்டு, நீங்க சொன்னது தப்பு பாருப்பான்னு எங்கிட்டயே சண்டைக்கு வர்றா, அச்சுல வந்துட்டா அவளுக்கு அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரி.

கடல் குதிரையில சுமக்கிறது ஆணுங்க. பொட்டை வந்து முட்டைய ஆணோட வயித்துப் பைக்குள்ள விட்டுட்டு நகர்ந்துரும், அப்பறம் கருவாக்குறது, உள்ள வச்சு காப்பாத்துறது, கடைசில முக்கி முக்கி குட்டிய வெளிய தள்றது வரைக்கும் எல்லாம் ஆம்பளை பொறுப்பு. அது சுமக்குற நாள்ல பொட்டை அடுத்த ஈடு முட்டைய ரெடி பண்ணிரும். பை இருந்தா ஆண், அவ்ளோதான் அடையாளம். (நான் அதை விக்கிறதில்லீங்க, 2001லயே வன உயிரினச் சட்டத்துல சேத்துட்டாங்க, கேட்டு வர்றவங்கள அப்படியே அனுப்பிருவேன்.)

கடல் எங்க தருமபுரி எங்கன்னு சிரிப்பாங்க, ஆனா எங்கடையில ஒரு உப்புத்தண்ணி தொட்டி ஓடுது. நம்மூரு போர் தண்ணி லட்சணம் தெரியுமே, ஆர்.ஓ. தண்ணியில உப்பு கலந்துதான் ஓட்டுறேன். அதுல ஒரு ஜோடி கிளவுன் மீன். பெருசு பொட்டை, சிறுசு ஆண். உள்ள கவுத்து வச்ச மண் தொட்டி ஓரத்துல ஆரஞ்சு கலர்ல நூத்துக்கணக்குல முட்டை ஒட்டிட்டு பொட்டை பாட்டுக்கு சுத்தப் போயிருச்சு. அந்த சிறுசு இருக்கே, பக்கத் துடுப்ப விசிறி மாதிரி ஆட்டி ஆட்டி முட்டை மேல தண்ணிய தள்ளிக்கிட்டே நின்னுச்சு, நடுவுல வாயால ஒவ்வொண்ணா தொடைக்குது, வெள்ளையா செத்துப்போனத பொறுக்கித் தின்னுருது, நான் கைய விட்டா வெரல்ல வந்து குத்துது. நாலஞ்சு நாள்ல முட்டைக்குள்ள வெள்ளிப் புள்ளி மாதிரி கண்ணு தெரிஞ்சுச்சு, எட்டாம் நாள் ராத்திரி லைட்ட அணைச்சப்பறம் பொரிஞ்சுச்சு. குஞ்சு ஒண்ணும் தங்கலீங்க, அதுங்களுக்கு ரோட்டிஃபர்னு தூசி மாதிரி ஒரு உசுருள்ள தீனி வேணும், எங்கிட்ட இல்ல. மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல இந்த குஞ்சுங்கள வளத்து ஆளாக்கியிருக்காங்க. இன்னொரு கூத்து, அந்த பெரிய பொட்டை செத்தா சிறுசே பொட்டையா மாறிரும்.

மத்தி மாதிரி நடுத்தண்ணியில திரியற மீனு முட்டைய அலையில விட்டுட்டு போயிரும். கரையோரம் கல்லு, சிப்பி, பாறை இடுக்குன்னு ஒட்டிக்கிட்டு வாழ்ற சின்ன மீனுங்க முட்டைய எங்கயாவது ஒட்டித்தான் ஆகணும். அந்த எடத்த மொதல்லயே புடிச்சு வச்சிருக்கறது ஆண், பொட்டை அவன் வீட்டுல முட்டைய விட்டா காவல் அவன் தலையில. உளுவை இனத்துலயும் அப்டித்தான். நாலு பொட்டை வந்து விட்டாலும் ஒரே விசிறல்தான், அவனுக்கு பெருசா நஷ்டமில்ல. சீமைக் கடற்கரைல ஸ்டிக்கிள்பேக்னு ஒரு முள்ளு மீனு, வயிறு செவந்து, தன் கிட்னில ஊறுற பசைய வச்சு பாசியில கூடு கட்டி, கோணக்கோண ஆட்டம் போட்டு பொட்டைய கூப்புடும். அதையெல்லாம் ஆராய்ஞ்ச டின்பெர்கன்ங்கிற விஞ்ஞானிக்கு 1973ல நோபல் பரிசே குடுத்தாங்க. அதுக்காக அப்பனுங்க எல்லாம் உத்தமனுங்கன்னு சொல்ல வரல, பசி எடுத்தாலோ முட்டை கம்மியா இருந்தாலோ சொந்த முட்டையவே முழுங்குற அப்பனும் உண்டு, அதையும் எழுதுங்க.

கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் பக்கம் பொரிச்சு விக்கிறாங்களே ஜிலேபி மீனு, அதுல கதை தலைகீழ், ஆண் குழி பறிக்கும், முட்டைய வாயில வச்சுக்கிட்டு திரியறது அம்மாதான். விரால்ல ரெண்டும் சேந்து குஞ்சுக்கு காவல் நிக்கும். அதனால 'தாய்'னு பொத்தாம்பொதுவா போட்டுராதீங்க, எந்த மீனுன்னு பாத்து போடுங்க.

வர்ற ஞாயித்துக்கெழமை அதே பக்கத்துல ரெண்டு வரி திருத்தம் போட்டீங்கன்னா போதும், பழைய கட்டிங் பக்கத்துலயே ஒட்டிக்கிறோம், எடம் விட்டு வச்சிருக்கா.

இப்படிக்கு,
கலர் மீன் கடைக்காரன், தருமபுரி