டிவிஷன் என்றால் பிரிவதுதான்

ஆசிரியருக்கு,

மசோதா நிறைவேறிய செய்திகளில் 'குரல் வாக்கெடுப்பு', 'டிவிஷன்', 'கொறடா' என்ற சொற்கள் விளக்கமே இல்லாமல் வந்து போகின்றன. வெள்ளைக்காரன் விட்டுப்போன சம்பிரதாயம் என்று நாமும் தாண்டிவிடுகிறோம். ஆனால் இவற்றில் பல, ஒரு காலத்தில் கண்முன்னே நடந்த காரியங்களின் பெயர்கள்.

டிவிஷனையே, அதாவது தலை எண்ணி நடத்தும் வாக்கெடுப்பையே, எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான லண்டன் காமன்ஸ் சபையில் முன்பெல்லாம் ஒரு தரப்பார் உள்ளேயே இருப்பார்கள், மறு தரப்பார் எழுந்து வெளியே போவார்கள். இரு பக்கமும் தலை எண்ணப்படும். அதாவது, சபை நிஜமாகவே இரண்டாகப் பிரிந்தது. 1834இல் பழைய கட்டடம் தீயில் அழிந்தது. அப்புறம் 1836இல்தான் 'ஐ' (ஆம்) என்போருக்கு ஒன்று, 'நோ' (இல்லை) என்போருக்கு ஒன்று என இரண்டு லாபிகள், அதாவது சபையை ஒட்டிய கூடங்கள், வந்தன. எண்ணுபவருக்கு 'டெல்லர்' என்று பெயர். 'டெல்' என்ற சொல்லுக்கு எண்ணுவது என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. வங்கியில் பணம் எண்ணுபவருக்கும் அதே பெயர்தான்.

'ஐ' மட்டும் பிடிகொடுக்காத சொல். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடீரென்று எழுத்தில் தலைகாட்டுகிறது, அதுவும் ஆங்கிலத்தில் 'நான்' என்பதைக் குறிக்கும் அதே 'I' என்ற ஒற்றை எழுத்தாக. 'நான் சம்மதம்' என்பதிலிருந்து வந்ததென்று சொல்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. மேலவையான பிரபுக்கள் சபையில் இந்த வம்பே இல்லை. அங்கே 'கன்டென்ட்', 'நாட் கன்டென்ட்', அதாவது திருப்தி, திருப்தியில்லை. பிரபுக்கள் அல்லவா!

கட்சி சொன்னபடி அதன் உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்பவரான கொறடா விஷயம் இன்னும் சுவாரசியம். நரி வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகாமல் சாட்டையோடு பார்த்துக்கொள்பவர் 'விப்பர்-இன்'. அதன் சுருக்கம்தான் 'விப்'. தமிழில் கொறடா என்றாலும் சாட்டைதான். நாய்கள் யார் என்பதை எந்தக் கட்சியும் சொல்வதில்லை.

சரி, செய்திக்கு வருவோம். குரல் வாக்கெடுப்பில் சபாநாயகர் காதால்தான் எடைபோடுகிறார்; யார் எந்தப் பக்கம் என்ற பதிவு இருக்காது. டிவிஷனில் இருக்கும். காமன்ஸ் சபை அந்தப் பெயர்ப் பட்டியலை 1836 முதலே வெளியிட்டு வருகிறது. எனவே 'மசோதா நிறைவேறியது' என்பதோடு நிறுத்தாமல், டிவிஷன் கேட்கப்பட்டதா, கேட்டும் மறுக்கப்பட்டதா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்